வாய்க்குள் ஓர் அணை

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாக ரப்பர் பால்வெட்டுக் குடும்பம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய், பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்து, ஷீட் அடித்துப் புகைப்புரையில் தொங்கவிடுகிற பிழைப்பு. சென்ற மாதம் ரூட் கேனாலுக்காகப் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் ஒரு பச்சை ரப்பர் தாளை எடுத்தார், அதில் ஒரு துளை போட்டார், வாயையே மூடுகிற மாதிரி மாட்டிவிட்டார். துளை வழியே ஒரே ஒரு பல் மட்டும் எட்டிப் பார்த்தது. “ஆயுசு முழுக்க ரப்பருக்குள்ளதான் கெடக்கேன், இப்ப வாய்க்குள்ளயுமா?” என்று கேட்கிறது கடிதம். கடைசியில் மனைவியைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

அந்தத் தாளுக்கு ரப்பர் டேம் என்று பெயர். டேம் என்றால் அணைதான். பேச்சிப்பாறையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அணையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். இந்த அணை எந்த ஆற்றைத் தடுக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். மனித வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பெரிய ஊற்றுகள் மூன்று ஜோடி. காதோரச் சுரப்பியின் வாய்க்கால், கன்னத்தின் உட்புறம், மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே திறக்கிறது. நாக்கு நுனியால் தடவினால் சின்ன மேடாகத் தட்டுப்படும். மற்ற இரண்டு ஜோடியும் நாக்குக்கு அடியில். டாக்டர் கண்ணாடியையும் ஊசியையும் உள்ளே விட்டதுமே எச்சில் பெருகும். வாய்க்குள் எது நுழைந்தாலும் அது சாப்பாடுதான் என்பது அந்தச் சுரப்பிகளின் எண்ணம்.

பெருகினால் என்ன? இதை எழுதுபவருக்கு அந்தப் பாடத்தை நடத்தியவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர். பஞ்சர் ஒட்டுமுன் ட்யூபை உப்புத்தாளால் சொரசொரவென்று தேய்ப்பார். துடைப்பார். சொல்யூஷன் தடவிவிட்டு, உடனே ஒட்டாமல் காயவிடுவார். அந்த இடைவெளியில் எந்தப் பையனாவது ஆர்வத்தில் விரலை வைத்தால் முதுகில் ஒன்று விழும். விரல் ஈரம் பட்ட இடத்தில் பேட்ச் நிற்காது. தெருமுனை தாண்டுவதற்குள் காற்று இறங்கிவிடும்.

இன்று பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் அடைப்பு, ஏறக்குறைய இந்தப் பஞ்சர் வேலைதான். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவது வழக்கம். மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் அதையே பல்லின் எனாமல் மீது அரை நிமிடம் வைத்துப் பார்த்து, 1955-இல் முடிவை வெளியிட்டார். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்குகிறது. பசைபோன்ற பிசின் அந்தக் குழிகளுக்குள் வேர்விட்டு இறுகிக்கொள்கிறது. உப்புத்தாளின் வேலையை அமிலம் செய்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டால், அதிலிருக்கும் புரதம் நொடியில் குழிகளின் மேல் படிந்துவிடும். தண்ணீரில் கழுவினால் போதாது. மறுபடி அமிலம் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காமல் அப்படியே ஒட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து ஓரத்தில் கறுப்புக் கோடு விழும், அல்லது ஒரு முறுக்கைக் கடிக்கும்போது அடைப்பு மொத்தமாகக் கையோடு வரும்.

ஆனால் ரப்பர் அணையைக் கண்டுபிடிக்க வைத்தது இந்த வெள்ளை அடைப்பு அல்ல, தங்கம்.

அமெரிக்காவில் ராபர்ட் ஆர்தர் என்ற பல் மருத்துவர் 1855-இல் ஒரு சங்கதியைப் பரப்பினார். சுத்தமான மெல்லிய தங்கத்தாளை நெருப்பில் காட்டி எடுத்து, சொத்தைக் குழிக்குள் வைத்து அழுத்தினால், அடுக்கின் மேல் அடுக்காகத் தங்கம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பற்றாசு வேண்டாம், உலை வேண்டாம். நம்மூர்த் தட்டான் பார்த்தால் மலைத்துப்போவார். ஒரே நிபந்தனை, ஈரம் கூடாது. ஓர் அடுக்கில் எச்சில் பட்டால் அடுத்த அடுக்கு அதன் மேல் நிற்காது. ஒரு பல்லுக்கே மணிக்கணக்காகும் வேலை அது. அவ்வளவு நேரமும் ஒரு வாயை உலர்ந்ததாக வைத்திருக்க, துணியையும் தாளையும் திணித்துத் திணித்து அந்தக் காலத்து டாக்டர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நியூயார்க் மாநிலத்தில் மான்டிசெல்லோ என்ற ஊரில் சான்ஃபோர்ட் பார்னம் என்று ஒருவர், இன்னும் முப்பதைத் தொடாதவர், தொழில் செய்துகொண்டிருந்தார். 1864 மார்ச் 15 அன்று கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எச்சில் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வெறுத்துப்போய், நோயாளியின் மார்பில் விரித்திருந்த நீர் புகாத துணியில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பல்லின் கழுத்தில் மாட்டிவிட்டார் என்று சொல்வார்கள். பல் தனித் தீவாக நின்றது. எச்சில் துணிக்கு அந்தப் பக்கம். துணியின் இடத்துக்குச் சீக்கிரமே மெல்லிய ரப்பர் தாள் வந்தது.

பார்னம் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று தன் தொழில்காரர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அதே 1864-இல் பல் மருத்துவத்தில் காப்புரிமை பெற்ற இன்னொரு ரப்பரின் கதையைப் பக்கத்தில் வைத்தால்தான் புரியும். இதை எழுதுபவர் இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டதே அந்தக் கதையைச் சொல்லத்தான்.

நெடுஞ்சாலையோர டயர் கடைகளில் ‘வல்கனைசிங்’ என்று பலகை தொங்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறை அது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டது. கந்தகத்தைக் கூட்டினால் ரப்பர் மரம்போலக் கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டி ரப்பருக்கு வல்கனைட் என்று பெயர். அதில் பொய்ப்பல்லுக்கு அடித்தட்டு செய்யலாம் என்று பாஸ்டனைச் சேர்ந்த ஜான் கம்மிங்ஸ் விண்ணப்பித்து, 1864 ஜூனில் காப்புரிமை பெற்றார். அதுவரை தங்கத்தட்டு வைத்துப் பல்செட் செய்துகொள்ள வசதியில்லாத ஏழைபாழைகளுக்கு ரப்பர் பல்செட் பெரிய வரம். அந்தக் காப்புரிமையைக் கைப்பற்றிய குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, ரப்பரில் பல்செட் செய்யும் ஒவ்வொரு டாக்டரும் தனக்கு உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்றது. கட்டாதவர்கள் மேல் வழக்கு. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேகன் ஊர் ஊராக விரட்டிக்கொண்டு போனார். 1876-இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அவர் விரட்டியவர்களில் ஒருவர் சாமுவேல் சால்ஃபன்ட். கிழக்கே டெலவரில் தொழில் செய்தவர், வழக்குக்குப் பயந்து மேற்கே நகர்ந்து நகர்ந்து சான் பிரான்சிஸ்கோ வரை போய்விட்டார். பேகன் அங்கேயும் வந்து வழக்குப் போட்டார். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. பால்ட்வின் ஹோட்டலில் பேகன் தங்கியிருந்த அறைக்கு சால்ஃபன்ட் போனார், கைத்துப்பாக்கியோடு. பேகன் செத்தார். சால்ஃபன்ட்டுக்குப் பத்தாண்டுச் சிறை. இரண்டு வருடம் கழித்து, 1881-இல், காப்புரிமையே காலாவதியாகிவிட்டது.

ஒரே ஆண்டு, ஒரே மரத்துப் பால். ஒன்று வழக்கு மன்றம், துப்பாக்கி, சிறை என்று போயிற்று. இன்னொன்று சும்மா கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், கட்டணம் கேட்ட வல்கனைட்டை விடாமல் பயன்படுத்திய பல் மருத்துவம், இலவசமாகக் கிடைத்த அணையை இன்றுவரை வேண்டாவெறுப்பாகத்தான் தொடுகிறது.

இனி அந்தத் தாளையே கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஐந்து அல்லது ஆறு அங்குலச் சதுரம். மெல்லியது 0.15 மில்லிமீட்டர், தடித்தது 0.35 வரை. பற்கள் நெருக்கியடித்து நிற்கும் வாயில் மெல்லிய தாள்தான் சந்துக்குள் இறங்கும்; ஆனால் சீக்கிரம் கிழியும். தடித்தது இறங்க அடம்பிடிக்கும். இறங்கிவிட்டால் பல்லின் கழுத்தை இறுகக் கவ்வி, ஈறையும் கீழே தள்ளிப் பிடிக்கும். ரூட் கேனாலுக்கு ஒரு பல் வெளியே தெரிந்தால் போதும், நடுத்தரத் தாள் ஆகும். நாலைந்து பல் சேர்த்து அடைக்க வேண்டுமென்றால் தடித்ததை எடுப்பார்கள். பச்சை, நீலம், சாம்பல் நிறங்கள் அழகுக்கு அல்ல. வெளுத்த பல் அடர்ந்த பின்னணியில் எடுப்பாகத் தெரியும், டாக்டரின் கண் களைக்காது. தாளின் பளபளக்காத பக்கத்தை டாக்டரைப் பார்த்து வைப்பதும் இதற்காகவே. விளக்கொளி கண்ணில் அடிக்காது. புதினா வாசனை போட்ட தாளும் உண்டு. அது மட்டும் நோயாளிக்காக.

துளை போட ஒரு கருவி இருக்கிறது. செருப்புத் தைப்பவர் பெல்ட்டில் ஓட்டை போடுவாரே, அதன் தங்கச்சி என்று சொல்லலாம். அதில் சுழலும் தட்டில் கீழ் முன்பல்லுக்குச் சின்னது, கடைவாய்க்குப் பெரியது என்று அளவுகள். தாளைப் பல்லில் பிடித்து நிறுத்துவது கிளாம்ப் என்ற எஃகுக் கவ்வி. இந்தக் கருவியும் இந்தக் கவ்விகளும் 1882-இல் வந்தவை. பார்னம் காலத்தில் நூல் கட்டித்தான் சமாளித்தார்கள். கவ்வியின் கழுத்தில் இன்றும் ஒரு நூல் கட்டித்தான் மாட்ட வேண்டும். கிணற்று வாளிக்குக் கயிறு எதற்கோ அதற்குத்தான். கவ்வி தெறித்துத் தொண்டைக்குள் போனால் இழுத்தெடுக்கலாம். நூல் கட்டாத கவ்வியைப் பார்த்தால் நோயாளி தாராளமாகக் கேட்கலாம்.

ரப்பருக்கு வயதாகும் என்பதைக் குலசேகரத்துக்காரருக்குச் சொல்ல வேண்டாம். மேசை இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் பேண்ட் இழுத்ததும் பொட்டென்று அறுவது போல, பழைய தாளும் அறும். அதனால் விவரமானவர்கள் தாள் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். உதட்டு ஓரம் வறளாமல் இருக்க வாசலினைத் தடவும் பழக்கம் ஒன்று உண்டு. கூடவே கூடாது. எண்ணெய்ப் பசை இயற்கை ரப்பரைத் தின்றுவிடும், பல்லில் பட்டால் அடைப்பும் ஒட்டாது. தண்ணீரில் கரைகிற வழவழப்புதான் சரி.

அணை ஒன்றே வழி என்று யாரும் சொல்லவில்லை. பாதி முளைத்த பல்லில் கவ்வி நிற்காது. மூக்கடைத்து வாயால் மூச்சு விடுபவருக்கு மூச்சு முட்டும். அப்போது பஞ்சு உருளைகள் வரும். அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்பது மேலே சொன்ன ஊற்றுகளின் வரைபடத்தைப் பொறுத்தது. மேல்கன்னத்தில் ஒன்று, நாக்கடியில் ஒன்று. வைக்கத் தெரிந்தால் போதாது, எடுக்கவும் தெரிய வேண்டும். காய்ந்த பஞ்சு கன்னத்துச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று பிடுங்கினால் தோலோடு வரும். மறுநாள் ‘டாக்டர் மருந்து புண்ணாக்கிவிட்டது’ என்று நினைப்போம். பஞ்சை நனைத்துவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எச்சிலை உறிஞ்சும் வளைந்த குழாய் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று. அந்தக் குழாயை உறிஞ்சுகுழல்போல உதட்டை இறுக்கி மூடிச் சப்பக் கூடாது. உள்ளே அழுத்தம் குறைந்து, குழாயில் ஏற்கெனவே ஏறிய எச்சில், முந்தைய ஆளுடையதும் சேர்த்து, திரும்ப வாய்க்குள் வர இடமுண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தன் வழிகாட்டுதலிலேயே இதைச் சொல்லியிருக்கிறது.

இதை எழுதுபவருக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ப்ளம்பர் கடையில் விற்குமே, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப், அதே பொருள்தான் பல் மருத்துவ மேசையிலும் இருக்கிறது. ஒரு பல்லில் அமிலம் வைக்கும்போது பக்கத்துப் பல்லுக்குப் போர்த்த, துளையில் தாள் சரியாகப் படியாத இடத்தில் செருக, தற்காலிக அடைப்புக்கு அடியில் மெத்தையாக வைக்க. எதிலும் ஒட்டாது, நசுக்கினால் படியும், நீராவிக் கலத்தில் போட்டுக் கிருமி நீக்கினாலும் கெடாது. வீட்டுக் குழாய் ஒழுகினால் நாம் நம்புகிற பொருளையே வாய் ஒழுக்குக்கும் நம்புகிறார்கள்.

ரூட் கேனாலில் கதை இன்னும் கண்டிப்பானது. காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் 1965-இல் எலிகளின் பல்லைத் துளைத்து உயிர்ச்சதையைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளுக்கு அது அழுகிப்போனது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, உணவுத் துணுக்கு அடைந்தும்கூட, தானாக ஆறியது. ஆக, பகை கிருமியோடுதான். கிருமியை ஒழிப்பதற்காக வேர்க்கால்வாயைக் குடையும்போதே கிருமி நிறைந்த எச்சிலை அதற்குள் வழியவிடுவது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்காமல் இருப்பது போன்றது. அது மட்டுமல்ல. குடையும் ஊசிகள் முடிபோல மெல்லிசு. கை தவறினால் தொண்டை, அங்கிருந்து மூச்சுக்குழாய். கழுவ ஊற்றும் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட், துணிக்குப் போடும் ப்ளீச்சின் ஒன்றுவிட்ட தம்பி. நாக்கில் பட்டால் சுடும். இத்தனைக்கும் நடுவே நிற்பது அந்த ஒற்றைத் தாள்தான். ரூட் கேனாலை அணை போடாமல் செய்யக் கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய ரூட் கேனால் நிபுணர் சங்கங்கள் எழுதியே வைத்திருக்கின்றன.

அணை போட்டால் பல் எவ்வளவு காலம் கூடுதலாக நிற்கும்? நியாயமாகச் சொல்ல வேண்டும். தைவானில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் கணக்கை எடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்றரை வருடம் கழித்து, அணை போட்டவற்றில் 90.3 சதவீதம் நிலைத்திருந்தன; போடாதவற்றில் 88.8. வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் விழுங்கிய ஊசி இல்லை, வெந்த நாக்கு இல்லை. காற்றில் பறக்கிற கிருமித் துளியும் இல்லை. அதைத் தனியே அளந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் பேராதனையில் படித்த லக்ஷ்மன் சமரநாயக்கவும் கூட்டாளிகளும் 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் காற்றில் கிருமிகளை அணை 70 சதவீதம் வரை குறைத்தது. கொரோனா வந்தபோதுதான் உலகமே அந்தப் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தூசிதட்டிப் படித்தது.

அப்படியும் நம்மூரில் பல இடங்களில் அது பெட்டிக்குள்தான் தூங்குகிறது. கல்லூரியில் எல்லாரும் போடக் கற்றுக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும், நேரம் இல்லை, நோயாளி பயப்படுகிறார், கூட நிற்க ஆள் இல்லை என்று மூன்று காரணம். பழகிய கைக்குச் சில நிமிடம்தான் ஆகும். நோயாளி பயப்படுவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாததால். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்கள் ‘பல்லுக்கு மழைக்கோட்டு போடப் போறோம், இது அதுக்குப் பட்டன்’ என்று தாளையும் கவ்வியையும் காட்டுவார்கள். குழந்தை வாயைத் திறந்துவிடும். பெரியவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. இதை எழுதுபவருக்கே ஒரு கிளினிக்கில், ஊர் பேர் வேண்டாம், நனைந்து ஊறிய பஞ்சுக்கு நடுவே வைத்த அடைப்பு அடுத்த பொங்கலுக்குக் கரும்போடு போயிற்று. ஷூ ராக் முதல் மீன் தொட்டி வரை இழைத்துக் கட்டிய அந்த வரவேற்பறையில், நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரப்பர் தாளுக்கு மட்டும் இடமில்லை.

கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு வருவோம். “என் வீட்டுக்காரிக்குப் பால் பட்டால் கை தடிக்கும், அரிக்கும். அவளுக்கும் ஒரு பல் சொத்தை. இந்தத் தாளைப் போடலாமா?”

போடக் கூடாது, டாக்டரிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்காரவும் கூடாது. ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாது. கை தடிப்பதில் தொடங்கி, அபூர்வமாக மூச்சுத் திணறல் வரை போகும். எய்ட்ஸ் பயத்தில் உலகமெங்கும் ரப்பர் கையுறை பெருகிய 1980-களுக்குப் பிறகுதான் இது பரவலாகத் தெரிய வந்தது. இவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். புரதங்கள் ஒரே சாயல் கொண்டவை. அந்த அம்மாவுக்கு அப்படி உண்டா என்று கேட்டு, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இயற்கை ரப்பர் கலக்காத தாள்கள், நைட்ரைலில் செய்தவை, கிடைக்கின்றன. இழுவை கொஞ்சம் குறைவு, விலை கொஞ்சம் கூடுதல். தாளை மாற்றினால் மட்டும் போதாது, டாக்டரின் கையுறையும் அதே ரகமாக இருக்க வேண்டும். முன்பு கையுறைகளுக்குள் தூவிய மாவுப்பொடி ரப்பர் புரதத்தைச் சுமந்துகொண்டு அறையெல்லாம் பறக்கும். அமெரிக்காவில் பொடி போட்ட மருத்துவக் கையுறைக்கு 2017-இல் தடையே வந்துவிட்டது. இங்கே இன்னும் கடைகளில் கிடைக்கிறது. ஆகவே ஒன்று செய்யலாம். சாயங்காலம் போகாமல், காலையில் கிளினிக் திறந்ததும், அந்தப் பொடி பறக்கத் தொடங்குமுன், முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளட்டும். பால்வெட்டுக்காரர் வீட்டில் விடியுமுன் எழுவது ஒன்றும் புதிதில்லையே.